கோர்ட் நியமித்த வக்கீலை மாற்றுவது எப்படி? அமெரிக்காவில் கிரிமினல் வழக்கைச் சந்திக்கும் தமிழர்களுக்கு

"எனக்கு இந்த வக்கீல் வேண்டாம்" என்று கோர்ட்டில் எழுந்து சொல்லிவிட்டால் அடுத்த வாய்தாவுக்கு வேறொருவர் வந்து நிற்பார் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அது அப்படி நடப்பதில்லை. கைக்காசு கொடுத்து வைத்துக்கொண்ட வக்கீலை நீங்களே அனுப்பிவிடலாம். கோர்ட் நியமித்த வக்கீலை, அதாவது பப்ளிக் டிஃபெண்டரை, விடுவிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருக்கிறது. நீங்கள் கேட்கலாம், காரணம் சொல்லலாம். முடிவு அவருடையது.

இது தெரியாமல் அவசரப்பட்டால், "இவர் வேண்டாம் என்றால் நீங்களே வாதாட வேண்டியதுதான், சம்மதமா?" என்று நீதிபதி கேட்கும் இடத்தில் வந்து மாட்டிக்கொள்வீர்கள். கோபத்தில் "சரி" என்று சொல்லிவிட்டால் அது பதிவில் ஏறிவிடும். அதனால் "இவரை நீக்குங்கள்" என்று கேட்காதீர்கள். "இவருக்குப் பதிலாக வேறு வக்கீலை நியமியுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பது அதில்தான் இருக்கிறது.

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் கவுண்டிக்கு (மாவட்டம் போன்றது) கவுண்டி மாறும். இங்கே சொல்வது பொதுவான வழி. உங்கள் வழக்குக்கென்று ஒரு வக்கீலின் வாயிலிருந்து கேட்டுக்கொள்வது வேறு, அதை இது ஈடு செய்யாது.

உங்கள் உரிமை எதுவரை

வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசுச் செலவில் வக்கீல் தர வேண்டும் என்பது 1963-இல் உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் சொன்னது. ஃப்ளோரிடாவில் திருட்டுக் குற்றச்சாட்டில் வக்கீல் இல்லாமல் தனியாக வாதாடித் தண்டனை பெற்றவர் கிடியன். தீர்ப்புக்குப் பிறகு மறுவிசாரணையில் வக்கீலோடு நின்றபோது விடுதலையானார். சின்னக் குற்றமாக இருந்தாலும் சிறைத் தண்டனை விழுகிறது என்றால் வக்கீல் உண்டு என்று 1972-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

வக்கீல் கிடைக்கும் உரிமைதான் இது. பிடித்த வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, சொந்தக் காசில் வைப்பவருக்கு மட்டுமே உண்டு என்பதை 2006-இல் கான்சலஸ்-லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. அதற்கு முன்பே, 1983-இல், வக்கீலோடு மனம் ஒத்துப்போகும் உறவு வேண்டும் என்று கேட்பதற்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆகவே "எங்களுக்குள் ஒத்துவரவில்லை" என்பது மட்டும் போதாது.

இன்னொரு விஷயம். இதெல்லாம் கிரிமினல் வழக்குக்கு. குடியேற்ற நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவு செய்யாது. விவாகரத்து, வீட்டு வாடகை, கடன் போன்ற சிவில் வழக்குகளிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

பப்ளிக் டிஃபெண்டருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பதால் அவர் அரசின் ஆள், பிராசிக்யூட்டரோடு (வழக்கு நடத்தும் அரசுத் தரப்பு வக்கீல்) கூட்டு என்று ஊரில் பேசுவார்கள். அவருடைய கடமை உங்களுக்குத்தான். நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டியவர். இருவரும் கோர்ட் வராந்தாவில் சிரித்துப் பேசுவதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். தினமும் ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள் அவர்கள். அந்தப் பேச்சில்தான் பல வழக்குகளில் குற்றச்சாட்டு குறைகிறது.

கோர்ட்டுக்குப் போகுமுன் செய்து பார்க்க வேண்டியது

முதலில் பிரச்சினை எங்கே என்று பாருங்கள். நம் ஆட்களின் புகார்களில் கணிசமானவை மொழியால் வருபவை. வக்கீல் வேகமாக ஆங்கிலத்தில் சொல்கிறார், இவர் தலையாட்டுகிறார், வெளியே வந்து "ஒன்றுமே சொல்லவில்லை" என்கிறார். அலுவலகச் சந்திப்புக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் தொலைபேசியிலோ வீடியோவிலோ ஏற்பாடு செய்வார்கள். இலங்கைத் தமிழ் பேசுபவருக்குத் தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் பேச்சு பிடிபடவில்லை, அல்லது மறுபக்கமாக, என்றால் வெட்கப்படாமல் அப்போதே சொல்லிவிடுங்கள். மைத்துனரையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துப்போகாதீர்கள். மூன்றாவது ஆள் அறையில் இருந்தால் வக்கீலுக்கும் உங்களுக்கும் இடையிலான ரகசியப் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகலாம். மகளுக்கு முன்னால் நீங்கள் உண்மையைச் சொல்லப் போவதும் இல்லை.

அடுத்து, எந்த முடிவு யாருடையது என்பது. குற்றத்தை ஒப்புக்கொள்வதா இல்லையா, ஜூரி வேண்டுமா, நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசுவதா, அப்பீல் போவதா, இந்த நான்கும் உங்கள் முடிவு. வக்கீல் ஆலோசனை சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. "நான் செய்யவில்லை" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, உங்கள் விருப்பத்துக்கு மாறாக ஜூரியிடம் "இவர்தான் செய்தார்" என்று வக்கீல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் மக்காய் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் எந்த மோஷன் (கோர்ட்டில் போடும் மனு) போடுவது, எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, குறுக்கு விசாரணையில் என்ன கேட்பது, இதெல்லாம் பெரும்பாலும் வக்கீலின் முடிவு. "நான் சொன்ன மோஷனைப் போடவில்லை" என்று போனால் நீதிபதி அசைய மாட்டார்.

அதன் பிறகு வக்கீலுக்கே எழுதுங்கள். சுருக்கமான மின்னஞ்சல் போதும்: எந்தத் தேதியில் கூப்பிட்டேன், பதில் வரவில்லை, இந்த மூன்று கேள்விக்கு விடை வேண்டும், வாய்தா இந்தத் தேதியில் இருக்கிறது. திட்டாதீர்கள். அந்த மின்னஞ்சலை நாளைக்கு நீதிபதி படிக்கலாம் என்று நினைத்து எழுதுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், அந்த அலுவலகத்தின் மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள். பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்களில் பிரிவு வாரியாக மேலதிகாரி உண்டு. அவரே வழக்கை அதே அலுவலகத்தில் இன்னொருவரிடம் கொடுத்துவிட முடியும். நீதிபதி முன்னால் சண்டை போடாமல் வேலை முடியும் ஒரே வழி இதுதான், இதை முயன்று பார்க்காமல் நேராகக் கோர்ட்டுக்குப் போவது வீண் என்பது என் கருத்து. அலுவலகமே இல்லாமல் தனி வக்கீல்களைப் பட்டியலிலிருந்து நியமிக்கும் கவுண்டிகளில் இந்த வழி இருக்காது. அங்கே நியமனத்தைக் கவனிக்கும் அலுவலகம் எது என்று கோர்ட் கிளார்க்கிடம் கேளுங்கள்.

எடுபடும் காரணம், எடுபடாத காரணம்

நீதிபதி பார்ப்பது மூன்று. எப்போது கேட்கிறீர்கள், ஏன் கேட்கிறீர்கள், வக்கீலுக்கும் உங்களுக்கும் இடையில் பேச்சு வார்த்தையே முறிந்து வழக்கு நடத்த முடியாத நிலையா. ஃபெடரல் கோர்ட்டில் (மத்திய அரசின் நீதிமன்றம்) நீதியின் நலனுக்காக எந்தக் கட்டத்திலும் ஒரு நியமன வக்கீலுக்குப் பதில் இன்னொருவரைப் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. மாநிலங்களில் தக்க காரணம் வேண்டும் என்பார்கள்.

வலுவான காரணங்களில் முதலாவது நல முரண். கணவன் மனைவி சண்டையில் இருவர் மேலும் வழக்கு விழுந்திருக்கிறது, இருவருக்கும் ஒரே அலுவலகம் வக்கீல் கொடுத்திருக்கிறது என்றால் அது முரண். உங்களுக்கு எதிரான சாட்சி அதே வக்கீலின் பழைய கட்சிக்காரர் என்றாலும் முரண். இப்படி ஒன்று தெரிந்தால் தயங்காமல் வக்கீலிடமே சொல்லுங்கள், அவரே விலகக் கேட்பார்.

அடுத்தது வேலை நடக்காதது. மாதக்கணக்கில் சந்திக்கவே இல்லை, பிராசிக்யூட்டர் கொடுத்த ஆவணங்களைக் காட்டவில்லை, சம்பவத்தின்போது நீங்கள் வேறிடத்தில் இருந்ததைச் சொல்லக்கூடிய சாட்சியின் பெயரைக் கொடுத்தும் யாரும் கூப்பிடவில்லை, பிளீ ஒப்பந்தம் (குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்க பிராசிக்யூட்டர் முன்வைப்பது) ஒன்று வந்ததையே சொல்லவில்லை. தேதியோடு சொன்னால் இதெல்லாம் எடுபடும். டெக்சாஸில் நியமிக்கப்பட்ட வக்கீல் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் கட்சிக்காரரைத் தொடர்புகொள்ள எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அதைச் சுட்டிக்காட்டலாம்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு: குடியேற்ற விளைவு. எச்1பி வேலை விசாவில் இருப்பவரோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கிரிமினல் வக்கீல் சொல்லியாக வேண்டும். 2010-இல் பதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது இது. பதியா ஹோண்டுராஸில் பிறந்தவர், கிரீன் கார்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர், வியட்நாம் போரில் பணியாற்றியவர். "இவ்வளவு நாள் இருக்கிறீர்கள், கவலை வேண்டாம்" என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. "இப்போது ஒப்புக்கொள், வகுப்புக்குப் போ, ஒரு வருடத்தில் வழக்கு தள்ளுபடியாகிவிடும்" என்று பல மாநிலங்களில் ஒரு வழி கொடுப்பார்கள். மாநிலத்தின் கணக்கில் அது தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டத்தின் கணக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடும் விதித்துவிட்டால், பின்னால் தள்ளுபடியானாலும் அது தண்டனைதான். 1996-இலிருந்து இப்படி. குடும்ப வன்முறைக் குற்றம் நாடு கடத்தலுக்குத் தனிக் காரணம். மனைவியோடு பேசக் கூடாது என்று கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறுவதும் காரணமாகலாம், மனைவியே கூப்பிட்டாலும் கூட. இதைப் பற்றிக் கேட்டபோது உங்கள் வக்கீல் "எனக்குக் குடியேற்றம் தெரியாது" என்று கையை விரித்தால், அது மாற்று வக்கீல் கேட்பதற்கு நல்ல காரணம். ஆனால் முதலில் "உங்கள் அலுவலகத்தில் இதைப் பார்ப்பவர் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். பெரிய பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்கள் பலவற்றில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். கோயில் நண்பர் சொன்ன தனி வக்கீலிடம் அந்த வசதி இல்லாமல் போகலாம்.

எடுபடாதவை: பார்க்கும்போது சிரிக்கவில்லை, ரொம்ப இளம் வயது, கையில் நிறைய வழக்கு, கெட்ட செய்தி மட்டுமே சொல்கிறார், தோற்பாய் என்கிறார். கெட்ட செய்தி சொல்லும் வக்கீல் பெரும்பாலும் வேலையைச் செய்கிறவர். வக்கீலின் இனம், மதம், ஆணா பெண்ணா என்பதைக் காரணமாகச் சொன்னால் நீங்கள் பேசும் மற்ற நல்ல காரணமும் அடிபட்டுப்போகும்.

குறிப்பு எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் தேதி, எப்படித் தொடர்புகொண்டீர்கள், என்ன கேட்டீர்கள், என்ன பதில், இவ்வளவுதான். மின்னஞ்சல்களை அச்செடுத்து வையுங்கள். மேலே "வக்கீலுக்கு" என்று எழுதி வையுங்கள். சம்பவத்தில் என்ன நடந்தது என்று இந்த நோட்டில் எழுதாதீர்கள். காவலில் இருப்பவர் வீட்டுக்குப் போனில் சொல்லி எழுதச் சொல்ல வேண்டாம். சிறைத் தொலைபேசிப் பேச்சு பதிவாகும். தமிழில் பேசினால் புரியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பிராசிக்யூட்டருக்கும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

எப்போது, எப்படிக் கேட்பது

சீக்கிரம் கேளுங்கள். முதல் சில வாய்தாக்களில் கேட்பதற்கும் ஜூரி தேர்வு நாளன்று காலையில் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடைசி நாளில் கேட்டால் வழக்கை இழுத்தடிக்கிறார் என்றுதான் நீதிபதி எடுத்துக்கொள்வார்.

நேராக நீதிபதிக்குக் கடிதம் எழுதத் தோன்றும். ஆபத்தான வேலை. அந்தக் கடிதத்தின் நகல் பிராசிக்யூட்டருக்குப் போகும், கோர்ட் கோப்பில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஏறலாம். "நான் லேசாகத்தான் தள்ளினேன், வக்கீல் அதைக் கேட்கவே இல்லை" என்று அதில் எழுதிவிட்டால், வக்கீலைப் பற்றிய புகாராக அனுப்பியது குற்ற ஒப்புதலாகத் திரும்பி வரும். எழுதியே ஆக வேண்டும் என்றால் இரண்டே வரி: வழக்கு எண், பெயர், மாற்று வக்கீல் கேட்டு விசாரணை வேண்டும், காரணங்களைத் தனியாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

அதைவிட நல்லது, வாய்தா அன்று உங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் உங்கள் வக்கீலிடமே "எனக்கு மாற்று வக்கீல் வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்லுங்கள்" என்று கேட்பது. பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கும் இது புதிதல்ல. அவர் சொல்லவில்லையென்றால், நீதிபதி உங்களைப் பார்த்து ஏதாவது கேட்கும் நேரத்தில் கையை உயர்த்தி, மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லுங்கள்:

"யுவர் ஹானர், எனக்கு வக்கீல் வேண்டும். நானே வாதாட விரும்பவில்லை. இப்போதுள்ள வக்கீலுக்குப் பதிலாக வேறு வக்கீலை நியமிக்கக் கேட்கிறேன். காரணத்தை பிராசிக்யூட்டர் இல்லாமல் தனியாகச் சொல்ல அனுமதி வேண்டும்."

இந்த நான்கு வாக்கியத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். மாற்று வக்கீலைக் குறிக்கும் "சப்ஸ்டிடியூட் கவுன்சல்" என்ற சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எந்தக் கோர்ட்டிலும் புரியும். கலிஃபோர்னியாவில் இதற்கு மார்ஸ்டன் மோஷன் என்று பெயர், 1970-இல் வந்த தீர்ப்பின் பெயரால். அங்கே அந்தப் பெயரைச் சொன்னால் பிராசிக்யூட்டரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவை மூடி விசாரிப்பது வழக்கம். ஃப்ளோரிடாவில் நெல்சன் விசாரணை என்பார்கள். அங்கே காரணம் போதாது என்று நீதிபதி முடிவு செய்தால், "இந்த வக்கீலை விட்டால் அரசு இன்னொருவரைத் தர வேண்டிய கட்டாயமில்லை" என்று எச்சரிப்பார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் தனியாக நிற்க வேண்டி வரலாம்.

உள்ளே போனதும் நீதிபதி உங்களைப் பேசச் சொல்வார், பிறகு வக்கீலைப் பதில் சொல்லச் சொல்வார். நீங்கள் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். பெரியதை முதலில். "எதுவுமே செய்யவில்லை" என்று சொல்வதைவிட "மார்ச் மாதத்திலிருந்து நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன், நகல் இங்கே, பதில் இல்லை" என்று சொல்வது எடுபடும். கதவு மூடாத கோர்ட்டாக இருந்தால், பிராசிக்யூட்டர் காதில் விழுகிறது என்பதை மறக்காதீர்கள். வழக்கின் சம்பவத்துக்குள் போகாமல், சந்திப்பு, பதில், ஆவணம் என்று வக்கீலின் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கவும் வேண்டாம். இங்கே அது மரியாதையாகத் தெரியாமல் போகலாம்.

பதில் வரும்வரை அந்த வக்கீல்தான் உங்கள் வக்கீல். அவருடைய போனை நீங்கள் எடுக்காமல் இருப்பது, சந்திப்புக்குப் போகாமல் இருப்பது, இதையெல்லாம் செய்தால் "முறிவுக்கு இவரேதான் காரணம்" என்று ஆகிவிடும். வேண்டுமென்றே முறித்துக்கொண்டவருக்கு மாற்று கிடைப்பது கடினம். வாய்தா அன்றைக்குக் கோர்ட்டுக்கே போகாமல் இருந்தால் பெஞ்ச் வாரண்ட், அதாவது நீதிபதி போடும் கைது உத்தரவு, வரும்.

சம்மதித்தால்

புது வக்கீல் எங்கிருந்து வருவார் என்பது இடத்தைப் பொறுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் முதல் அலுவலகத்தால் முடியாதபோது மாற்று பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் 18-பி என்று அழைக்கப்படும் தனி வக்கீல்களின் பட்டியலிலிருந்து வருவார். ஃபெடரல் வழக்கில் கோர்ட் வைத்திருக்கும் தனி வக்கீல்களின் குழுவிலிருந்து ஒருவர். பல இடங்களில் உங்கள் வருமான விவரப் படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்வார்கள். உண்மையை எழுதுங்கள். அது சத்தியப் பிரமாணத்தோடு கொடுப்பது, ஊரில் இருக்கும் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இலவசம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஃப்ளோரிடாவில் விண்ணப்பத்துக்கே 50 டாலர் உண்டு, வேறு சில மாநிலங்களிலும் வழக்கு முடிந்ததும் வக்கீல் செலவைத் திருப்பிக் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலையிலிருந்து அந்தக் கட்டணம் இல்லை.

பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டு புதியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே விசாரியுங்கள். விலகும் வக்கீல் கட்சிக்காரரின் கோப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது தொழில் விதி. ஆனாலும் காமரா பதிவு ஒன்று வராமல் போவது நடக்கும். முதல் சந்திப்பில் நான்கைந்து கேள்வியைக் கையோடு கொண்டுபோங்கள்: பிராசிக்யூட்டர் கொடுத்தது முழுதும் வந்துவிட்டதா, ஏற்கெனவே ஏதாவது ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டதா, அதற்குக் கெடு உண்டா, என் விசாவுக்கு என்ன ஆகும், அடுத்த தேதி எது. பழைய வக்கீலைத் திட்டுவதில் முதல் அரை மணி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

வக்கீல் மாறினால் வழக்கு தள்ளிப்போகும், அவர் படிக்க நேரம் வேண்டும். வெளியே ஜாமீனில் இருப்பவருக்குப் பரவாயில்லை. உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு. விரைவு விசாரணைக் கெடுவை (இத்தனை நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்ற உங்கள் உரிமை) விட்டுக்கொடுக்கச் சொல்லி நீதிபதி கேட்கலாம். சரி என்று சொல்லுமுன் புது வக்கீலோடு பேச அனுமதி கேளுங்கள்.

மறுத்தால்

பெரும்பாலும் மறுப்பார்கள். அதோடு எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்டதும், காரணமும், நீதிபதி என்ன விசாரித்தார் என்பதும் பதிவாகிவிட்டது, அப்பீலில் அது பயன்படலாம். அதைவிட உடனடியாக நடப்பது ஒன்று உண்டு: நீதிபதி முன்னால் பேச்சு வாங்கிய வக்கீல் மறுநாளே போனை எடுப்பார். அப்படியும் நிலைமை மாறவில்லை, புதிதாகவும் ஏதாவது நடந்தது என்றால் மறுபடி கேட்கலாம். அதே காரணத்தை ஒவ்வொரு வாய்தாவிலும் சொல்லாதீர்கள்.

உறவினர்கள் பணம் போட்டுத் தனி வக்கீல் வைத்தால், அவர் வக்காலத்து தாக்கல் செய்து உள்ளே வரலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விசாரணை நெருங்கிவிட்டால் "இப்போதே தயார், தள்ளிவைக்கக் கேட்க மாட்டேன்" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். கட்டணத்தில் எது அடக்கம், ஜூரி விசாரணை வரை வருவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதியில் பணம் தீர்ந்தால் மறுபடி நியமன வக்கீலுக்கு விண்ணப்பிக்க முடியும், ஆனால் எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்பார்கள்.

நானே வாதாடிக்கொள்கிறேன் என்பது மூன்றாவது வழி. அந்த உரிமை 1975-இல் ஃபரெட்டா வழக்கில் உறுதியானது. வேடிக்கை என்னவென்றால், ஃபரெட்டா தனியாக வாதாடக் கேட்டதே பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்துக்கு வேலைச் சுமை அதிகம் என்ற காரணத்தால்தான். படிப்பு எவ்வளவு, ஆபத்து புரிகிறதா, அதிகபட்சத் தண்டனை தெரியுமா என்று நீதிபதி கேட்பார். பிறகு அனுமதித்துவிடுவார். அதன் பின் சாட்சியச் சட்டம் வக்கீலுக்கு எப்படியோ உங்களுக்கும் அப்படியே. எம்.டெக் படித்தவர்கள் "படித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்குவார்கள். குடும்பச் சண்டை வழக்கென்றால் குறுக்கு விசாரணையில் தன் மனைவியையே கேள்வி கேட்க வேண்டி வரும் என்பதை அப்போது யோசிப்பதில்லை. பின்னால் "என் வக்கீல் சரியில்லை" என்று அப்பீலில் சொல்லவும் முடியாது, வக்கீல் நீங்கள்தானே. விசா வைத்திருப்பவர் எவருக்கும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டவர்களுக்கு

கோபத்தில் சொல்லி, தனியாக நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றால், அடுத்த வாய்தாவரை காத்திருக்க வேண்டாம். கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் வழக்கு எண்ணோடு போய், நியமன வக்கீலுக்கு மறுபடி விண்ணப்பம் கொடுக்கும் படிவத்தைக் கேளுங்கள். காரணம் கேட்டால் "தனியாக வாதாடும் முடிவை மாற்றிக்கொண்டேன், வக்கீல் வேண்டும்" என்பதே போதும். பழைய வக்கீலைப் பற்றிய கதை இந்த இடத்தில் வேண்டாம். விசாரணை தொடங்கவில்லையென்றால் நீதிபதிகள் பொதுவாகக் கொடுத்துவிடுவார்கள். அதே பழைய வக்கீலே திரும்பி வரலாம், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

நடுவிசாரணையில் கேட்டால் நீதிபதியின் விருப்பம். உங்களுக்கு உதவ ஒரு வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைக்கும்படி கேட்கலாம், ஸ்டாண்ட்பை கவுன்சல் என்பார்கள். கட்டாயமில்லை, ஆனால் பல நீதிபதிகள் தாமாகவே வைக்கிறார்கள், வழக்கு அவர்களுக்கும் ஒழுங்காக நடக்க வேண்டுமே.

வக்கீல் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டாலும் தண்டனை விதிக்கும் விசாரணைக்கு வக்கீல் கேளுங்கள். அது வழக்கின் தனிக் கட்டம், அங்கே மறுபடி கேட்கலாம். அப்பீலுக்கான கெடு குறுகியது, ஃபெடரல் கோர்ட்டில் 14 நாள்தான். தீர்ப்பு நாளன்றே "அப்பீல் செய்ய விரும்புகிறேன், அதற்கு வக்கீல் நியமியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அன்றே கிளார்க்கிடம் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.